கடல் கடக்கும் வெள்ளைக் கோட்டு: வாசகர் கேள்வி – பதில்

வேலூர்ப் பக்கத்தில் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் சில வாரங்கள் வெளிநாட்டு மருத்துவமனைகளில் தங்கிப் பயிற்சி பெற்று வருவதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். மாணவர்கள் அதை 'எலெக்டிவ்' என்றே சொல்கிறார்கள். தாமே துறையையும் இடத்தையும் தேர்ந்தெடுத்துச் செய்யும் பயிற்சி என்பது பொருள். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சமூக மருத்துவத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இங்கிருந்து போகிறவர்களை அனுப்பி வைத்தும் அங்கிருந்து வருகிறவர்களை ரயில் நிலையத்தில் வரவேற்றும் எனக்குப் பழக்கம் உண்டு. எனவே இரு பக்கத்துக் கேள்விகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் எம்.பி.பி.எஸ். கடைசிக் கட்டத்தில் படிக்கிறாள். நான்கு வாரத்துக்கு உகாண்டாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் போகப் போகிறேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. "ஊசி எல்லாம் போட்டுக்கொண்டால் போதும்மா" என்கிறாள். போதுமா ஐயா?
— ஒரு தாய், காட்பாடி

போதாது அம்மா. ஆனாலும் ஊசியிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் நாள்கணக்கு அதில்தான் இருக்கிறது. மருத்துவ மாணவிக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணை போட்ட பிறகு, ஒன்றிரண்டு மாதம் விட்டு இரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் குறைவாக இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, இந்த ஒன்றுக்கே எட்டு மாதம் ஆகிறது. 'முதலாண்டிலேயே போட்டாயிற்று சார்' என்று எல்லா மாணவர்களும் சொல்வார்கள். அளவு பார்த்த தாளை எடுத்து வா என்றால்தான் தலையைச் சொறிவார்கள். உங்கள் மகளிடம் அந்தத் தாளைக் கேளுங்கள்.

உகாண்டா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அதற்கான தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அங்கே தரும் மஞ்சள் அட்டை 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுவதும் செல்லும். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், ஏனென்றால் அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலிருந்தே ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி அது; முட்டை ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் போக முடியாது, மாத்திரைதான். அங்கே ஆண்டு முழுவதும் பால்சிபாரம் வகை மலேரியா இருக்கிறது, அது மூளையைத் தாக்கக் கூடியது. அட்டோவாக்குவோன்–புரோகுவானில் எடுப்பதானால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கித் திரும்பிய பிறகு ஏழு நாள் வரை, டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகு நான்கு வாரம் வரை தொடர வேண்டும். வீட்டுக்கு வந்து உங்கள் கையால் ரசம் சாப்பிட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. பிறகு ஓரிரு மாதத்தில் காய்ச்சல் வந்தால், பக்கத்துக் கிளினிக்கில் 'வைரல் ஃபீவர்' என்று எழுதிக் கொடுக்கும் முன் 'நான் உகாண்டாவிலிருந்து வந்தவள்' என்று அவளே வாய் திறந்து சொல்ல வேண்டும். அவள் மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இவையெல்லாம் எழுதினாலும், வெளிநாடு போகும் இளைஞர்களைக் கிருமியைவிடச் சாலைதான் அதிகம் காவு வாங்குகிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. அங்கே 'போடா போடா' என்று ஒரு மோட்டார் சைக்கிள் வாடகை வண்டி உண்டு (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே அதுதான் பெயர்). ஹெல்மெட் இல்லாமலும் இருட்டிய பிறகும் அதில் ஏறுவதில்லை என்று உங்களிடம் அவள் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று, பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் குதித்துவிடுவார்கள். விக்டோரியா ஏரி கடல் மாதிரி அழகாக விரிந்து கிடக்கும். ஆனால் அதன் கரையோரத் தண்ணீரில் நத்தைகளிலிருந்து வெளிப்படும் சிஸ்டோசோமா என்ற புழு, தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். பார்க்கலாம், காலைக்கூட நனைக்க வேண்டாம்.

கடைசியாக ஊசிக் குத்து. இரத்தம் எடுக்கும்போது கையில் குத்திக்கொண்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால் அது தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொண்டால் அந்த வாய்ப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த மருந்து அங்கே இரவு இரண்டு மணிக்குக் கிடைக்குமா, எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை மகள் இப்போதே மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; கிடைக்காது என்றால் இங்கே மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கையோடு கொண்டு போக வேண்டும். 2022 செப்டம்பரில் அந்த நாட்டில் எபோலா பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் மருத்துவப் பணியாளர்களும் இருந்தார்கள். அப்படி ஒன்று கிளம்பினால் 'திரும்பி வா' என்று சொல்லும் அதிகாரம் கல்லூரியில் யாருக்கு, அழைத்து வரும் செலவு எந்தக் காப்பீட்டில் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வந்த பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

இங்கே வார்டில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துத்தான் படிக்கிறேன். போன வருடம் ஆப்பிரிக்கா போய் வந்த சீனியர், தானே தனியாகப் பிரசவம் பார்த்ததாகவும் நெஞ்சில் நீர் எடுத்ததாகவும் சொல்கிறார். கைப்பழக்கம் வருமென்றால் நல்லதுதானே சார்?
— மருத்துவ மாணவர், வேலூர்

தம்பி, உங்கள் கேள்விக்கு நெறிமுறை நூலிலிருந்து பதில் சொல்வதற்கு முன், நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் மாணவனாக இருந்தபோது வேறொரு மாநிலத்தின் மலைப் பகுதியில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டேன். மூன்றாம் நாள், அங்கிருந்த ஒரே மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் காட்டி, 'நீங்கள் எடுத்துவிடுங்கள் டாக்டர்' என்றார் அங்கிருந்த ஊழியர். நான் அதை இரண்டு முறை பார்த்திருந்தேன், அவ்வளவுதான். மாட்டேன் என்று சொல்ல வெட்கம். கட்டிலின் ஒரு கால் உயரம் போதாமல் செங்கல் வைத்து நிறுத்தியிருந்தார்கள். நான் அழுத்தும்போதெல்லாம் அது ஆடியது. விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டித்தான் இரத்தக் குழாய் ஓடுகிறது, அதனால் ஊசி அடுத்த எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிப் போக வேண்டும் என்பது தேர்வில் நான் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. கை அதை மறந்துவிட்டது. சிரிஞ்சில் வைக்கோல் நிறத்தில் வர வேண்டிய நீருக்குப் பதில் சிவப்பாக ஏறியது. அந்தப் பெரியவர் இருமிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தள்ளிவிடுவதற்காக அல்ல, ஆதரவுக்காக. மருத்துவர் வந்து சரிசெய்தார், பெரியவர் பிழைத்துக்கொண்டார். போகும் நாளில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு இன்னும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அவர் சம்மதம் கொடுத்தது ஒரு டாக்டருக்கு. ஊசியைப் பிடித்திருந்தது நான். வெள்ளைக் கோட்டும் வேற்று ஊர் முகமும் ஏழை நோயாளியின் கண்ணில் அனுபவமாகத் தெரிகின்றன. நீங்கள் யார், எந்த ஆண்டு மாணவர் என்று அவர் மொழியில் ஒருவர் எடுத்துச் சொல்லி, வேண்டாம் என்று மறுக்கும் வசதியையும் கொடுத்த பிறகு அவர் தலையசைத்தால்தான் அது சம்மதம். உங்கள் சீனியரிடம் தையல் எத்தனை போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தத் தையல் பிரிந்ததா, சீழ் பிடித்ததா, பத்தாம் நாள் யார் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு வாரத்தில் வந்துவிட்டவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வெளிநாட்டுப் பயிற்சிக்கான நெறிமுறைகளை வகுக்க அமைந்த பணிக்குழு ஒன்று 2010-ல் வெளியிட்ட, சுருக்கமாக 'வெயிட்' என்று அழைக்கப்படும் வழிகாட்டுதல்கள் அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், பயிற்சி பெறுபவர், பணம் கொடுப்பவர் என எல்லாருடைய கடமைகளையும் பேசுகின்றன. அதில் பயிற்சி பெறுபவருக்குச் சொல்லப்பட்டவற்றுள் முக்கியமானது, தன் திறமையின் எல்லையை அறிந்து அதற்குள் நிற்பது. இதை நான் மாணவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்வேன்: வேலூரில் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் எதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லையோ, அதை அங்கேயும் தனியாகச் செய்ய அனுமதி இல்லை. அங்கே மருத்துவர்கள் குறைவு என்பதால் நோயாளியின் நெஞ்சுக்குள் இரத்தக் குழாய் இடம் மாறி ஓடுவதில்லை.

சொல்வது எளிது, அந்த நேரத்தில் வாய் வராது. அதனால்தான் புறப்படும் முன் நடத்தும் வகுப்பில் தடுப்பூசிப் பட்டியலுக்கு அரை மணியும், மறுத்துச் சொல்லிப் பழகுவதற்கு இரண்டு மணியும் ஒதுக்கி வந்தேன். ஒருவர் களைத்துப்போன டியூட்டி டாக்டராக நடிப்பார், இன்னொருவர் மாணவர். 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். 'இதை நான் தனியாகச் செய்ததில்லை. நீங்கள் செய்யுங்கள், நான் பக்கத்தில் நின்று உதவுகிறேன். அதுவரை வெளியே காத்திருக்கும் நான்கு பேரின் இரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்த்து எழுதி வைக்கிறேன்' என்று சொன்னால் வேலையும் நடக்கும், மரியாதையும் கெடாது. முதல் முறை எல்லாரும் சிரிப்பார்கள். ஐந்தாம் முறை சொல்லும்போதுதான் குரல் நிற்கும்.

யாருமே இல்லை, கண்ணெதிரே உயிர் போகிறது என்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். இரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, மூச்சுக் குழாயைத் திறந்து வைப்பது, நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓட்டுவது, பிரசவத்துக்குப் பின் உதிரம் நிற்காவிட்டால் அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்துகொண்டே ஆளைக் கூப்பிடுவது ஆகியவற்றை இங்கேயே கற்றுத் தேர்ந்துவிட்டுப் போங்கள். அவை உங்கள் எல்லைக்குள் இருப்பவை. கத்தி எடுப்பது அப்படியல்ல.

எங்கள் மருத்துவமனைக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்களுக்கு மொழிபெயர்ப்பது, சேலை கட்டிவிடுவது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் படுத்தால் பார்ப்பது எல்லாம் நாங்கள். போகும்போது டாக்டர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். குழந்தைகளைப் போட்டோ வேறு எடுக்கிறார்கள். இதில் எங்களுக்கு என்ன ஐயா?
— செவிலியர், குடியாத்தம்

சகோதரி, இந்தக் கேள்வியை என்னிடம் நேரில் கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். காரணத்தைச் சொல்கிறேன்.

மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் நம் பக்கத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அதிகமாவது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்பது நாள் காய்ச்சலோடு வந்த ஒரு பாட்டியை, நன்றாகப் படித்துத் தயாராகி வந்திருந்த வெளிநாட்டு மாணவி ஒருத்தி பார்த்தாள். உடம்பின் மடிப்புகளில் தேட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. திறந்த வார்டில், ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் பாட்டியின் சேலையை விலக்கப் போனாள். பாட்டி இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அப்போது அங்கிருந்த சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் திரையை இழுத்துவிட்டு, "ஆயா, பூச்சி கட்ச்ச எடம் எங்கனா கீதான்னு பாக்கணும். நான் பக்கத்துலயே கீறேன், நீ பயப்படாத" என்றார். பாட்டி கையை விட்டார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள் இருந்தது அந்தப் பொருக்கு. மறுநாள் ரவுண்ட்ஸில் மாணவியின் கூர்மையைப் பத்துப் பேர் முன்னால் பாராட்டினார்கள். சிஸ்டரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பாராட்டிய ஆசிரியர் நான்தான்.

வேலூருக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். ஊர் அவர்களை நினைவில் வைத்திருப்பது அவர்கள் தங்கியதால். நான்கு வாரத்துக்கு வருகிறவர் வேறு வகை விருந்தாளி. அவர் கற்றுக்கொள்ள வருகிறார், அதில் தவறில்லை. ஆனால் கற்பிப்பதற்கு ஆகும் நேரம் யாருடைய டியூட்டியிலிருந்து போகிறது என்ற கணக்கு எழுதப்பட வேண்டும். முன்னே சொன்ன வழிகாட்டுதல்களும் ஏற்கும் இடத்துக்கு ஆகும் செலவையும் சுமையையும் மறைக்காமல் எடுத்துப் பேசச் சொல்கின்றன.

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்கக் கூடியவை சில உண்டு. மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதி செவிலியர் பயிற்சிக்கு என ஒதுக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பு உங்கள் தலையில் கூடுதலாக விழாமல், அந்த வாரம் வேறு வேலை குறைக்கப்பட வேண்டும். மாணவர் எழுதும் இறுதி அறிக்கையோடு வார்டு சிஸ்டரின் மதிப்பீடும் அவர் கல்லூரிக்குப் போக வேண்டும். இது ஒன்றைச் செய்து பாருங்கள், நன்றி யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அங்கே உள்ள செவிலியர் ஒருவர் இங்கு வரவும் உங்களில் ஒருவர் அங்கு போகவும் வழி உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

போட்டோ விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் ஊரில் குழந்தைகள் வார்டுக்குள் புகுந்து முன்பின் தெரியாத ஒருவர் செல்போனை நீட்டினால் காவலரைக் கூப்பிடுவார்கள். இங்கேயும் அதே முறைதான்.

என் மகனும் போக ஆசைப்படுகிறான். அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் எவ்வளவு ஆகும், விசா எளிதா? வட்டிக்கு வாங்கியாவது அனுப்ப நினைக்கிறேன்.
— ஒரு தந்தை, ஆற்காடு

வட்டிக்கு வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில்.

2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் எலெக்டிவ் என்பதற்கென்றே காலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதை வெளிநாட்டில்தான் செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. அமெரிக்காவுக்கு, சம்பளமில்லாத மாணவர் பயிற்சிக்கு பி–1 விசா வாங்க வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் யு.எஸ்.எம்.எல்.இ. எனப்படும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம், மருத்துவப் பொறுப்புக் காப்பீடு என்று கேட்கின்றன. இங்கிலாந்தில் பார்வையாளர் விசாவில் போகும் மாணவர் நோயாளிக்குச் சிகிச்சை தரக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கலாம். அந்த விதி சரியானதே. அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் அதே அளவுகோலைப் பிடிக்க நமக்குத் தயக்கம் இருப்பதுதான் சரியில்லை. நடுவில் ஏஜெண்டு யாராவது, சுற்றுலா விசாவிலேயே எங்காவது அனுப்பி 'கைப்பயிற்சி'க்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மகன் உண்மையிலேயே உலகச் சுகாதாரத்தைக் கற்க விரும்புகிறான் என்றால், அதற்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் ஒரு மாதம் இருக்கச் சொல்லுங்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை மலையிலிருந்து கீழே கொண்டு வர எவ்வளவு நேரமாகிறது, அந்த நேரத்தை யார் எப்படிக் குறைக்கலாம் என்பது உகாண்டாவிலும் அதே கேள்விதான். கே.வி.குப்பத்தில் 1977 முதல் இயங்கும் ஊரகச் சுகாதார மையமான ரூசா, பாகாயத்தில் உள்ள சமூக சுகாதாரத் துறை, கரிகிரி தொழுநோய் மருத்துவமனை ஆகியவற்றைப் பார்க்க உலகம் இங்கே வருகிறது. ஆற்காட்டிலிருந்து இவையெல்லாம் பஸ் பிடித்துப் போகும் தூரம்.

போகும் இடத்தில் ஆங்கிலம் தெரியாத நோயாளிகள்தான் அதிகம். நான்கு வாரத்தில் அந்த மொழியை எப்படிக் கற்பது?
— மருத்துவ மாணவி, சத்துவாச்சாரி

கற்க முடியாது. வணக்கம், நன்றி, வலிக்கிறதா, நான் மாணவி, மன்னியுங்கள் என்ற ஐந்தையும் சரியான உச்சரிப்பில் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதற்கு மொழிபெயர்ப்பவரோடு வேலை செய்யப் பழகுங்கள். அதற்கு நம் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. காந்தி ரோட்டில் இறங்கி நடந்தால் வங்காளியும் இந்தியும் காதில் விழுகின்றன. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர் தெலுங்கு, வாணியம்பாடிக்காரர் உருது. அவர்களிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நோய் வரலாறு கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசாமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும், வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கித் தாயின் மாதவிலக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது.

சொற்கள் நேருக்கு நேர் மாறுவதில்லை என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். 'மயக்கமா கீது' என்று நம் ஊர் ஆள் சொன்னால் தலைசுற்றலா, கண் இருட்டுவதா, சோர்வா, உண்மையிலேயே விழுந்துவிட்டாரா என்று நான்கு கேள்வி கேட்ட பிறகே நமக்கே தெரிகிறது. 'நோவுது' என்பதை வெளியூர்த் தமிழ் மாணவர்களே முதல் நாள் 'நோய்' என்று எழுதிக்கொண்ட கதை உண்டு. உகாண்டாவிலும் அப்படி ஒரு 'மயக்கம்' இருக்கும். அது எது என்று முதல் வாரமே அங்குள்ள செவிலியரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. அங்கே ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள் இறந்ததைப் பார்த்தேன். ஒரு குழந்தைக்கு ஆக்சிஜன் இருந்திருந்தால் போதும். இங்கே எல்லாரும் 'டூர் எப்படி?' என்று கேட்கிறார்கள். தூக்கம் வரவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராணிப்பேட்டை

அம்மா, உங்களை அனுப்பியவர்கள் உங்களைத் திரும்பவும் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பது அவர்கள் தவறு, உங்களுடையது அல்ல. போகும் முன் மூன்று வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள், வந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்காமல் 'ரிப்போர்ட்டை மெயில் பண்ணிடு' என்று முடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லையென்றால், உங்கள் கல்லூரியின் மனநலப் பிரிவில் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். வகுப்புத் தோழி ஒருத்தியை உடன் அழைத்துப் போங்கள். சொல்லும்போது குழந்தைகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அந்த ஒரு குழந்தையைப் பற்றி, அறை எப்படி இருந்தது, அதன் தாய் என்ன செய்தார், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று முழுவதும் சொல்லுங்கள். 'நான் ஏதாவது செய்திருக்கலாம்' என்ற எண்ணம் வந்தால் அதையும் சொல்லுங்கள். மாணவியாகிய உங்களால் செய்திருக்கக் கூடியது எது, உங்கள் கையில் இல்லாதது எது என்று கேட்பவர் உங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்ப்பார். அங்கே அந்தக் குழந்தைகளைப் பார்த்த செவிலியருக்கு ஒரு கடிதம் எழுதவும் உங்களுக்குத் தோன்றலாம். எழுதுங்கள். அவர்கள் அதே வார்டில்தான் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆக்சிஜன் ஏன் இல்லை என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். உருளை வாங்கப் பணம் இல்லையா, மின்சாரம் நின்றதா, கருவி பழுதாகி உதிரி பாகம் வரவில்லையா என்பது ஒவ்வொன்றும் வேறு வேறு நோய். உடம்பு தேறிய பிறகு அதைப் படிக்கலாம், இப்போது அவசரமில்லை.

அங்கே போகும்போது என்ன கொண்டு போவது? வீட்டில் மிச்சமான மருந்து, கையுறை, பழைய ஸ்டெதாஸ்கோப் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.
— மாணவர் குழு, வேலூர்

பெட்டியைப் பிரித்துவிடுங்கள். அன்பளிப்பாகத் தரும் மருந்துகள் போய்ச் சேரும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டாவது காலாவதி ஆகாதவையாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டில் மிச்சமான பாதி அட்டை மாத்திரைகளுக்கு அங்கே இடமே இல்லை, அவற்றை அழிக்கும் செலவுதான் அவர்களுக்கு மிஞ்சும். என்ன வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஒருமுறை அப்படிக் கேட்ட மாணவருக்கு, இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பட்டையில் குழந்தைகளுக்கான சிறிய அளவு நான்கு வேண்டும் என்று பதில் வந்தது. அவர் அதையே வாங்கிக்கொண்டு போனார். உங்களுக்கு வேண்டிய கையுறைகளை மட்டும் உங்கள் செலவில் எடுத்துப் போங்கள், அவர்கள் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

செவிலியர் அறைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனசு கேட்டால் ஆற்காடு மக்கன் பேடா கொண்டு போகலாம். பாகு கசியாத டப்பாவாகப் பார்த்து, வெள்ளைக் கோட்டுகள் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.